றுக்கியா மிஸியின் ஒரு நிமிடம்

எங்கள் உம்மும்மாவுக்கு, உம்மாவைப் பெற்ற தாய்க்கு, ஆட்களின் பெயர் நினைவில் நிற்காது, நோய் வருத்தம் நிற்கும். புத்தளம் சந்தையில் யாராவது சலாம் சொல்லிவிட்டுப் போனால், அது யார் என்று நான் கேட்பேன். "பதினாலாம் கட்டில், குடலிறக்கம்" என்பார். நேர்ஸ்மாரை எங்கள் பக்கம் மிஸி என்றுதான் கூப்பிடுவது. பென்ஷன் எடுத்து எத்தனையோ வருஷமாகியும் ஊருக்கு அவர் றுக்கியா மிஸிதான்.

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை விரட்ட, மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது மற்றவர்கள் நகையைத் தேடினார்களாம். உம்மும்மா தேடியது, சட்டையில் குத்துகிற மணிக்கூட்டை. புத்தளத்து அகதி முகாமின் ஓலைக் கொட்டில்களில் அதை வைத்துத்தான் நாடி பார்த்தார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற ஆட்களை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

"ஒரு மனிசருக்கு ஒரு நிமிஷம் குடுக்க ஏலாதா?" என்று கேட்பார்.

உம்மா வெளிநாட்டில் வேலை செய்த ஏழு வருஷமும் என்னை வளர்த்தது அவர்தான். மற்றப் பிள்ளைகளை வீட்டில் கொஞ்சினார்கள். என்னை முதலில் கக்கத்தில் தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்து, பிறகுதான் கொஞ்சுவார். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே அன்பு என் இரண்டு கலியாணப் பேச்சுகளைக் கலைத்தது. முதல் மாப்பிள்ளையின் வாப்பாவிடம், சபை நடுவில், மூலம் இப்போது எப்படி என்று விசாரித்தார். இரண்டாவது மாப்பிள்ளையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, கண் மஞ்சளாயிருக்கிறது, செங்கமாரி, இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார். அவனுக்குச் செங்கமாரிதான். அதற்காக யார் திரும்பி வருவார்கள்?

யுத்தம் முடிந்து நாலாம் வருஷம் மூன்றாவது பேச்சு வந்தது. மாப்பிள்ளை அர்கம், வண்ணாத்திவில்லுப் பக்கம் கணக்கு வாத்தியார். படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இதுவும் போனால் நான் தாங்கமாட்டேன் என்று வாப்பாவிடம் அழுதேன். வாப்பா மாமியாரிடம் சத்தியம் வாங்கினார். சலாம் சொல்லவும் சாப்பிடவும் தவிர வாய் திறப்பதில்லை என்று உம்மும்மா ஒப்புக்கொண்டார்.

வாய்க்குத்தான் பூட்டுப் போட்டோம். கையை யாரும் யோசிக்கவில்லை.

பெண் பார்க்க அர்கமின் உம்மா அலீமாவும் தங்கச்சி அஸ்ரியாவும் மாம்புரியிலிருந்து வேனில் வந்தார்கள். உம்மும்மா சலாம் சொல்லி அலீமாவின் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை. விரல் இரண்டும் மணிக்கட்டுக்கு நகர்ந்தன. கண் சுவர் மணிக்கூட்டுக்குப் போனது. ஏதோ துஆ ஓதுகிறார் என்று நினைத்து அலீமா தலையைக் குனிந்துகொண்டார். வட்டிலாப்பத் தட்டத்தோடு நின்ற எனக்கு விளங்கிவிட்டது. முழு நிமிடமும் எண்ணி முடித்து, உம்மும்மா என்னைப் பார்த்தார். அனுமதி கேட்கிற பார்வை. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

உம்மும்மா அலீமாவின் பக்கம் திரும்பினார்.

"மகள், கலியாணத்த நாளைக்கும் கதைக்கலாம். இப்ப எழும்பி வேனில ஏறுங்க."

பெண் பார்க்க வந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற வீட்டை இன்றுதான் கண்டேன் என்று அஸ்ரியா கோபித்தாள். உம்மா கண்ணீரைத் துடைத்தார். உம்மும்மாவோ வேனில் அலீமாவுக்குப் பக்கத்தில் ஏறி, புத்தளம் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கையை விடவேயில்லை. நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

பின்னேரம் செய்தி வந்தது. இதயம் தாறுமாறாக அடித்திருக்கிறது. கூட்டிவந்தது நல்லதாகப் போயிற்று என்றாராம் டொக்டர். என் சபதம் அன்று மஃரிபுத் தொழுகை வரைக்கும்தான் நின்றது.

அலீமா ஐந்து நாள் வார்டில் இருந்தார். உம்மும்மா வார்டு மிஸிமாரையும் அதட்டிக்கொண்டு கஞ்சி ஊட்டினார். உதவிக்கு என்னையும் இழுத்துப் போனார். மூன்றாம் நாள் அர்கம் உள்ளே வந்தபோது என் கையில் தட்டம் இல்லை, பெட்பேன் இருந்தது. பெண் பார்த்தல் அப்படித்தான் நடந்தது. முகத்தை மட்டும்தான் பார்த்தேன் என்று அவர் இன்றைக்கும் பொய் சொல்கிறார்.

கலியாணம் முடிந்த பிறகு அலீமா மாமி எங்கள் வீட்டுக்கு வந்தால் சலாத்தோடு மணிக்கட்டையும் நீட்டுவார். தன் நாடியைத் தானே பார்க்க உம்மும்மா அவருக்குப் பழக்கினார். மாமி அவசரப்பட்டு அரை நிமிடத்தில் நிறுத்தினால் கையில் அடி விழும். என் மகன் ஸஜீத் பிறந்ததும் தெர்மோமீட்டர் அவன் கக்கத்துக்குப் போனது.

சென்ற வருஷம், ஒரு வியாழன் அசர் தொழுகை நேரம், உம்மும்மா கண்மூடி மௌத்தானார். பெண்கள் சுற்றியிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மாமி ஓட்டோவில் வந்து இறங்கி, யாருக்கும் சலாம் சொல்லாமல் நேரே போய் உம்மும்மாவின் கையை எடுத்தார். இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அஸ்ரியா தடுக்கப் போனாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடம் போனது. மாமி நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் முழுதாக முடிந்த பிறகுதான் அந்தக் கையைக் கீழே வைத்தார்.