குமிழி நடுவில் நிற்க வேண்டும்

நெருப்பை மூட்டினால் ஐஸ் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். கண்ணால் பார்த்த பிறகும் இரண்டு நாள் நம்பவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அடையாற்றில் எங்கள் வாடகை வீட்டை ஒட்டிக் கொஞ்சம் மணல் தரை சும்மா கிடந்தது. என் மேலதிகாரிக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே கார் ஓட்டி வந்திருந்தார்கள். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துவந்த ஒரு குட்டி வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ். "உங்க வீட்டுப் பக்கத்துல இடம் இருக்காமே" என்றார் அதிகாரி. அதிகாரி கேட்டால் இல்லாத இடமே இருக்கும். இருக்கிற இடத்தை எப்படி இல்லை என்பது?

வண்டியை நிறுத்தி, நான்கு மூலையிலும் இரும்புக் கால்களை இறக்கி, ஒரு வாரம் குடியிருந்தார்கள். பிறகு தஞ்சாவூர், மதுரைக் கோயில்களைப் பார்க்க ரயிலில் கிளம்பினார்கள். கிளம்பும்முன் அவர் என்னை உள்ளே அழைத்து ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். கண்ணாடிக் குப்பிகள். அந்தம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. வழிக்கு வேண்டியதைப் பனிக்கட்டி போட்ட ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு, மீதியை இங்கே விட்டுப்போகிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சரக்கு; அதே வகை இங்கே எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கவில்லை. கெட்டுப்போனால் பயணமே நின்றுவிடும்.

ஃபிரிட்ஜ் வண்டி நிற்கும்போது கேஸில் ஓடும். கார் ஓடும்போது மட்டும்தான் பேட்டரியில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும். இதை இரண்டு தடவை சொன்னார். கடைசியாக, ஃபிரிட்ஜின் தலைமேல் பதித்திருந்த சின்னக் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். பச்சைத் தண்ணீர், நடுவில் ஒரு காற்றுக்குமிழி. "இந்தக் குமிழி எப்போதும் நடுவில் இருக்க வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். குமிழிதான் புரியவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று தலையாட்டினேன்.

அவர்கள் போனதும் நான் தரையோடு தரையாகப் படுத்து, ஃபிரிட்ஜின் அடியிலிருந்த ஓட்டை வழியாக எட்டிப்பார்த்தேன். நீலமாக ஒரு சின்ன ஜ்வாலை. மேலே பெட்டிக்குள் கையை விட்டால் ஜில்லென்று இருந்தது. சத்தம் கிடையாது. எங்கள் ஆபீஸ் ஃபிரிட்ஜ் ரைஸ் மில் மாதிரி அதிரும். இது மூச்சே விடவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கால்மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்தேன்.

"என்ன பண்றீங்க, படுத்துக்கிட்டு?" என்றாள் மனைவி வாசலில் நின்று.

"நெருப்பு எரியுது. அதனால குளிருது."

"அப்படியா? நானும் பதினஞ்சு வருஷமா அடுப்பு மூட்டறேன். ஒரு தடவைகூட குளிரலையே."

மறுநாள் ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் குமிழி நடுவில் இல்லை. ஒரு ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகா, இது குளிர் காட்டும் கருவி, மழையில் குளிர் ஏறிவிட்டது என்று முடிவுகட்டினேன். இன்சுலின் உறைந்துபோனால்? பதறிப்போய் ஜ்வாலையைக் குறைத்தேன். குமிழி அசையவில்லை. இன்னும் குறைத்தேன். மத்தியானம் கதவைத் திறந்தால் உள்ளே சித்திரை மாதம்.

அடுத்து என்ன செய்தேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். எதைச் செய்யாதே என்று இரண்டு தடவை சொன்னாரோ அதைச் செய்தேன். பேட்டரிக்கு மாற்றினேன். அப்படியும் குளிரவில்லை. சாயங்காலம் வண்டிக்குள் விளக்கைப் போட்டால், பல்பு இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள இன்னொரு விளக்கு வேண்டியிருந்தது.

தெருவில் ஃபிரிட்ஜ் வைத்திருந்த வீடு ஒன்றே ஒன்று. அவர்களோடு முருங்கைமர விஷயத்தில் எங்களுக்குப் பேச்சு கிடையாது. நான் வாசலுக்கும் வண்டிக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். மனைவி குப்பிகளை வெளியே எடுத்தாள். துணியில் சுற்றி, ஒரு தூக்குப்பாத்திரத்தில் போட்டு மூடி, சமையலறை மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

"எங்கப்பாவோட சர்க்கரை ஊசி மருந்து கடைசிவரைக்கும் பானைக்குள்ளதான் இருந்துச்சு. ஒண்ணும் ஆகலை."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க எங்க கேட்டீங்க? நெருப்பை எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

ஆனாலும் பேட்டரியை உயிர்ப்பித்தாக வேண்டுமே. மறுநாள் விடிந்ததும் அதைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு, மயிலாப்பூருக்கு ரிக்‌ஷா ஏறினேன். பாலம் ஏறும்போது ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், பொட்டியில இன்னா கீது? கொயந்தையாட்டம் கட்டிப்புடிச்சிகினு வர்றே?"

"பேட்டரிப்பா. ஆசிட் இருக்கு, குலுக்காம ஓட்டு."

"ஆசிட்டா! நைனா, இறங்கி நடந்து வா நைனா. நான் பொண்டாட்டி புள்ளைக்காரன்."

சார்ஜ் போடும் கடையில், "வெச்சிட்டுப் போங்க சார், நாளைக்கு வாங்க" என்றார்கள். வேட்டியில் லேசாக ஈரம். தண்ணீர் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து துவைத்துப் பிழிந்தபோதுதான் அது வேட்டியா, சல்லடையா என்று சந்தேகம் வந்தது.

மனைவி கையில் எலுமிச்சம்பழங்களோடு வண்டிப் பக்கம் நின்றிருந்தாள். "புது வண்டி வந்து நிக்குது. சக்கரத்துக்கு ஒரு பழம் வெச்சோமா? அதான் இப்படி."

"நிக்கிற வண்டிக்கு எப்படிப் பழம் நசுங்கும்?"

"உள்ள ஒண்ணாவது வைக்கிறேன்" என்று ஏறி, தரை நடுவில் ஒரு பழத்தை வைத்தாள். பழம் விறுவிறுவென்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி அதே மூலை.

"என்னங்க, இந்த வண்டி சாஞ்சிருக்கு."

நான் நிமிர்ந்து குழாயைப் பார்த்தேன். பழம் ஓடிய மூலைக்கு நேர் எதிர்ப்பக்கம் குமிழி. எங்கள் தெருவில் வீடு கட்டும் கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்ப்பாரே, ரசமட்டம், அதே சாமான்! கட்டையில் பதித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஃபிரிட்ஜின் தலையில் இருந்ததால் தெர்மாமீட்டராகிவிட்டது.

வெளியே போய்ப் பார்த்தேன். அந்த மூலையின் இரும்புக்கால் மழை மணலில் புதைந்திருந்தது. செங்கல் கொடுத்து, திருகிக் காலை உயர்த்தினேன். உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "நகருது... இன்னும் கொஞ்சம்... போதும், போதும், நடுவுக்கு வந்தாச்சு!" மறுபடி கேஸுக்கு மாற்றி, ஜ்வாலையைப் பழையபடி ஏற்றினேன். சாயங்காலம் உள்ளே கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. சாய்ந்தால் குளிராத ஒரு பெட்டி! அது ஏன் என்று இன்றுவரை பலபேரைக் கேட்டுவிட்டேன். உள்ளே ஓடும் திரவம் எங்கோ தேங்கிவிடும் என்கிறார்கள். எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

குப்பிகளைத் திருப்பி வைக்கப் போனேன். மனைவி பானையை விட்டு நகரவில்லை. "முதல்ல பழத்தை வெச்சுப் பாருங்க. ராத்திரி முழுக்க அது ஜில்லுனு இருந்தா அப்புறம் மருந்து."

மறுநாள் காலை, ஒரு நாள் முன்னதாகவே தம்பதி வந்து இறங்கிவிட்டார்கள். அந்தம்மா நேரே வண்டிக்குள் ஏறி விளக்கைப் போட்டார். எரியவில்லை. பேட்டரி மயிலாப்பூரில் இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு எலுமிச்சம்பழம்.

அந்தம்மாவின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் எனக்கு ஆங்கிலம் போய்விட்டது. "பானை, பானை" என்றேன். அதற்குள் மனைவி தூக்கோடு ஓடிவந்தாள். அந்தம்மா குப்பியை வெயிலில் தூக்கிப்பிடித்துப் பார்த்தார். தண்ணீராகத் தெளிந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

கணவரிடம் நான் நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் குமிழியைப் பார்த்தார். பிறகு அந்தப் பழத்தை எடுத்துத் தரை நடுவில் வைத்தார். அசையாமல் நின்றது. நானும் அவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாத்தது போதும்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. "மத்தியானம் சாதத்துக்குப் பிழியணும்."