பரட்டைத் தலையரும் ரோதை முனியும்

பயப்படுவதில் நான் கெட்டிக்காரி. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்துப் பிள்ளையாகப் பிறந்தவளுக்கு அது தனியாகச் சொல்லித்தர வேண்டிய வித்தை அல்ல. துரையின் நாய்க்குப் பயம், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் சப்பாத்துச் சத்தத்துக்குப் பயம், மழை நாளில் காலில் ஏறும் அட்டைக்குப் பயம். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அம்மா பிந்திவிடுவாளோ என்று அவளுக்கும் சேர்த்து நானே பயந்துகொள்வேன். இவை அத்தனையையும் மூட்டை கட்டி ஒரு பக்கம் வைத்தாலும் ரோதை முனிக்கு நான் பயந்த பயத்துக்கு ஈடாகாது.

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் பின்புறம் தண்ணீரில் சுழலும் பெரிய சக்கரம்தான் ரோதை. ரோதை சுற்றினால் தோல்வார் ஓடும். தோல்வார் ஓடினால்தான் உள்ளே கொழுந்து அரைக்கும் இயந்திரங்கள் ஓடும். ரோதைக்குப் பக்கத்தில் செந்தூரம் பூசிய ஒரு கல்லும் ஒரு சூலமும் இருந்தன. அவர்தான் முனி. வருஷத்துக்கு ஒரு கிடாய் கொடுத்துவிட்டால் ஆள் பலி கேட்கமாட்டார். ஆனால் பொய்ச் சத்தியம் செய்தவனை மட்டும் கிடாய்க்காக விடமாட்டார். சத்தியம் செய்த கையைப் பிடித்து இயந்திரத்துக்குள் இழுத்துக்கொள்வார். அப்படி முழங்கையோடு கை போன ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். அவர் என்ன பொய் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கை போயிருந்ததால் பொய் சொல்லியிருப்பார் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் ஸ்டோரில்தான் வேலை செய்தார்கள். அப்பா இயந்திரத்துக்குக் கொழுந்து போடுவார். சித்தப்பா ரோதைக்கு எண்ணெய் விடுவார். சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை; எங்களோடு அதே ஒற்றை அறைக் காம்பராவில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பஜாரில் பாய் கடைக்குப் போய், மதராசிலிருந்து வரும் வாரப் பத்திரிகைகளில் பழையதாகப் பார்த்து வாங்கி வருவார். அப்படி வந்த ஒன்றில்தான் பரட்டைத் தலையர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் ஜெர்மனியில் பிறந்த பெரிய விஞ்ஞானி. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சித்தப்பா உச்சரித்தபடி எழுதினால் அவருக்கு மரியாதை இல்லை. திருத்தமாக எழுதினால் எங்கள் காம்பராவில் இருந்தவர் அவர் இல்லை. பத்திரிகையில் வந்திருந்த படத்தைப் பார்த்து அம்மா வைத்த பெயர்தான் எங்களுக்குள் நிலைத்தது. சித்தப்பா அந்தப் படத்தைக் கத்தரித்துச் சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டினார். முருகன் படத்துக்குப் பக்கத்து இடம்தான் காலியாக இருந்தது.

நட்சத்திரங்களைப் பற்றி அவர் போட்ட கணக்குகளைப் பத்திரிகைக்காரரும் விளக்கவில்லை, சித்தப்பாவும் தேடவில்லை. கணக்கை மூடி வைத்துவிட்டு அந்த மனிதர் பேசிய விஷயங்கள்தான் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டன. மனிதர் எல்லாரும் ஒரே இனம். அரசாங்கமே உத்தரவு போட்டாலும் இன்னொருவனைக் கொல்லத் துப்பாக்கி தூக்கக்கூடாது. தண்டனைக்குப் பயந்தோ சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டோ நல்லவனாக இருப்பது நல்ல குணத்தில் சேர்த்தி இல்லை. பக்கத்தில் இருக்கிறவன் மேல் இரக்கம் இருந்தால் அதுவே போதும். சித்தப்பா இதையெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கடியில் எழுத்துக் கூட்டி வாசிப்பார். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பாள்.

“தலையைச் சீவிவிட ஒரு ஆளில்ல அந்த மனுசனுக்கு. அவரு ஒலகத்துக்கே புத்தி சொல்றாராக்கும்” என்பாள்.

“அவரு சொல்லலாம். துப்பாக்கி எடுக்கமாட்டேன்னு சொல்றவரு, பெரட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லிப் பாக்கட்டும்” என்பார் அப்பா. “காம்பராவைக் காலி பண்ணச் சொன்னா எங்க போவாராம்?”

“அவரு வீட்டையும் புடுங்கிட்டாங்கண்ணே. நாட்டுக்குள்ளேயே வரமுடியாம ஆக்கிட்டாங்க. வேற தேசத்துல இருக்காரு.”

இதைக் கேட்டதும் அம்மாவுக்கு அவர் மேல் கொஞ்சம் பாசம் வந்துவிட்டது. பிறகு வந்த ஒரு பத்திரிகையில், ஜெர்மனியில் கொடியவர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டதால் மற்ற நாடுகள் ஆயுதம் எடுத்துத் தங்களைக் காத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று அவரே மாற்றிச் சொல்லியிருந்தார். சித்தப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா கேலி செய்தபோது, “மனுசன்தானண்ணே, யோசிச்சு மாத்திக்கிட்டாரு” என்று மட்டும் சொன்னார். படத்தைக் கிழிக்கவில்லை.

அந்த வருஷ மழைக்காலத்தில் அம்மா வாயும் வயிறுமாக இருந்தாள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் மாட்டியிருக்கும். நனைந்த கயிறு அறுத்து அறுத்து, அம்மாவின் முன்னந்தலையில் புண் வைத்துச் சீழ் கோத்துவிட்டது. அப்பா ஒருநாள் இடுப்பில் செருகி ஒரு தோல்துண்டைக் கொண்டுவந்தார். அதைத் தலைத்துணிக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். கயிறு அதன்மேல் இருந்தால் புண்ணில் படாது. ஸ்டோர்ச் சுவரில் மாற்றுக்கு என்று ஒரு புதுத் தோல்வார் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு சாண் குறைந்தால் யார் அளந்து பார்க்கப்போகிறார்கள் என்பது அப்பாவின் எண்ணம். ஊசி குத்தியபோது விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

ரோதையே அளந்து பார்த்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த வார் ஒருநாள் அறுந்தது. புது வாரை எடுத்து மாட்டினால் இரண்டு நுனியும் ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டு சேரமாட்டேன் என்றன. அட்டன் பட்டணத்திலிருந்து வேறு வார் வந்து சேருவதற்குள் கொழுந்து அத்தனையும் புளித்து நாறிவிட்டது. பெரிய துரை வந்து குதித்தார். திருடன் யார் என்று தெரியாவிட்டால் ஸ்டோர் ஆட்கள் எல்லாருக்கும் பத்துச்சீட்டு என்றார். பத்துச்சீட்டு என்பது வேலையிலிருந்து நிறுத்தும்போது கையில் கொடுக்கும் சீட்டு. அதில் திருட்டு என்று எழுதிவிட்டால் வேறு தோட்டத்தில் கால் வைக்க முடியாது. ஆண் போனால் பெண்ணும் பிள்ளையும் சட்டி பானையோடு கூடவே போகவேண்டியதுதான். பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த அம்மாவை வைத்துக்கொண்டு அப்பா எப்படி வாயைத் திறப்பார்?

அம்மா தோல்துண்டை அடுப்பில் போட்டாள். தோல் கருகும் நாற்றத்தை மறைக்க ஒரு பிடி காய்ந்த மிளகாயையும் சேர்த்துப் போட்டாள். லயமே இருமியது. பக்கத்துக் காம்பரா அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, “யாருக்குக் கண்ணு கழிக்கிறீங்க?” என்று கேட்டாள். “இந்தப் புள்ளைக்குத்தான், ராத்திரியெல்லாம் பயந்து அலறுது” என்றாள் அம்மா. அது பொய்யில்லை.

துரையிடம் பேசி, நம்ம வழியில் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று எங்கள் ஆட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணி தவணை வாங்கி வந்தார். நம்ம வழி என்றால் சூடம் அணைப்பது. முனிக்கு முன்னால் சூடம் கொளுத்தி வைப்பார்கள். ஒவ்வொருவராக வந்து, நான் எடுக்கவில்லை என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பகலில் என்று ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமை வரை நான் பிழைத்துக் கிடந்ததே ஆச்சரியம். அப்பா பொய்ச் சத்தியம் செய்யப்போகிறார், முனி அப்பாவை இழுத்துக்கொள்ளப் போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாப்பிடும்போது அப்பாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பாவும் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருந்தார். நாலு பேர் முட்டிக்கொண்டு படுக்கிற காம்பராவில் அவருக்கு மட்டும் தோல்துண்டு விஷயம் தெரியாமல் இருந்திருக்குமா என்று நான் யோசிக்கவில்லை. என் பயத்துக்கே எனக்கு நேரம் போதவில்லை.

வெள்ளிக்கிழமை ரோதையை நிறுத்தியிருந்தார்கள். சக்கரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. லயத்து ஜனங்கள் எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூடுபனிக்குள் நின்றார்கள். மழை வந்து சூடம் எரியாமல் போகவேண்டும் என்று நான் முருகனை வேண்டினேன். பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறாரே என்று பரட்டைத் தலையரையும் வேண்டிக்கொண்டேன். மழை வரவில்லை.

வயது வரிசைப்படி மூத்தவர்கள் முதலில் வந்தார்கள். சூடம் எரியும், கை அடிக்கும், புகை எழும், பூசாரி அடுத்த வில்லையைக் கொளுத்துவார். அப்பாவின் முறை வந்தது. அவர் கம்பளியைத் தோளிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை வாங்க மறந்து நின்றாள். கம்பளி சேற்றில் விழுந்தது. நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தை மூடிக்கொண்டேன்.

“ஏன்டா, அண்ணனுக்கு முந்தி நீ எங்கடா வர்ற?” என்று கங்காணி அதட்டினார்.

எட்டிப் பார்த்தேன். சித்தப்பா அப்பாவைத் தோளால் விலக்கிவிட்டுச் சூடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சின்னவன் பெரியவனை முந்துவது எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில்கூட நடக்காது.

“நான் சூடம் அணைக்கமாட்டேங்க, கங்காணி ஐயா.”

“அப்ப நீதான் எடுத்தியா?”

“எடுத்தேன்னு சொல்லலைங்க. சத்தியம் பண்ணமாட்டேன்னுதான் சொல்றேன். பயமுறுத்தி வாங்குற உண்மை உண்மையில்லைங்க. மனுசனுக்கு மனுசன் நல்லவனா இருக்கறதுக்கு முனி எதுக்குங்க?”

கூட்டம் ஓவென்று இரைந்தது. முனியைப் பார்த்தே இப்படிச் சொன்னானே என்று கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “அவன் வீட்டுச் செவுத்துல ஒரு பரட்டைத் தலையன் படம் இருக்குங்க. அவன் சொல்லிக் குடுக்கறதுதான் இதெல்லாம்” என்று யாரோ கத்தினார்கள். சித்தப்பாவின் கைகள் நடுங்குவதை நான் பார்த்தேன். பூசாரி கையிலிருந்த சூட வில்லையை மடியில் கட்டிக்கொண்டார். திருடன் அகப்பட்ட பிறகு மற்றவர்கள் எதற்குச் சத்தியம் செய்யவேண்டும்? அப்பாவின் முறை வராமலே போயிற்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு சேற்றில் கிடந்த கம்பளியை எடுத்தார். எனக்கு எழும்பிக் குதிக்கவேண்டும் போல இருந்தது.

கங்காணியின் ஆட்கள் வந்து படத்தைச் சுவரிலிருந்து உரித்துச் சாட்சியாகத் துரையிடம் கொண்டுபோனார்கள். துரை அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்தப் பெயரைத் திருத்தமாகச் சொன்னாராம், தனக்குள் சிரித்துக்கொண்டாராம், படத்தை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தாராம். அதன் பிறகு பத்துச்சீட்டில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெரிய மனிதரைத் தெரிந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் இரண்டே பேர்தான். அதில் ஒருவர் மற்றவரை வெளியே அனுப்பினார். ஒற்றை ஆள் என்பதால் சித்தப்பாவோடு போயிற்று; எங்கள் காம்பராவைக் கங்காணி விட்டுவைத்தார்.

உடப்புசல்லாவைப் பக்கம் ரோட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே பத்துச்சீட்டு கேட்கமாட்டார்கள் என்று சித்தப்பா புறப்பட்டார். அப்பா அவருடைய தகரப் பெட்டியைத் தூக்கப் போனார். “இருக்கட்டும்ண்ணே” என்று சித்தப்பா வாங்கிக்கொண்டார். அம்மா ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்துவிட்டு, “தம்பி” என்றாள். தோட்டத்து எல்லைப் பாலம் வரைக்கும் நான் கூடப் போனேன்.

“சித்தப்பா, உங்களுக்கு முனிக்குப் பயமே இல்லையா?”

“அந்தக் கல்லுக்கு என்ன பயம்?”

“அப்பறம் ஏன் கை நடுங்கிச்சு?”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

“அண்ணன் கையை நீட்டிருவாரோன்னு பயந்துட்டேன் புள்ள” என்றார்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முனி இல்லை, மண்ணாங்கட்டி இல்லை என்று பேசினாரே தவிர, அப்பாவை முனி இழுத்துக்கொள்வார் என்று சித்தப்பாவும் என்னைப் போலவே நடுங்கியிருக்கிறார். முனி ஒன்றுமே செய்யாமல் விட்டுவிட்டால், அதற்குப் பிறகு ஒரு மனிதன் பொய்ச் சத்தியம் செய்த தன் கையை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவான் என்றும் ஒருவர் பயப்படலாம் என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை.

லயத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடி வந்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “சித்தப்பாவும் பயந்துதாம்மா போனாங்களாம்! அப்பா கையை நீட்டிருவாங்களோன்னு பயந்தாங்களாம்!” என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர்களுக்கும் என்னைப் போல ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அம்மா ஊதுவதை நிறுத்திவிட்டாள். அப்பா எழுந்து, கம்பளிகூட எடுக்காமல் மழைக்குள் இறங்கிப் போனார். நல்ல செய்தி சொன்ன என்னை ஏன் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்கு ஒரே கோபமாக இருந்தது.