எண்ணூர் ரோட்டில் ஒரு ‘மூவ்’

போன வாரம் ஒரு காலை. காபியை ஆற்றிக்கொண்டு பேப்பரில் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்கு வந்திருக்கும் என் பெண் ஷீலா, வயிற்றில் கை வைத்தபடி வந்து நின்றாள்.

“அப்பா... எழுந்ததுலேர்ந்து மூவ்மென்ட் கம்மியா இருக்கு.”

என் ராசிக்கு அன்றைக்கு ‘மன அமைதி’ என்று போட்டிருந்தது.

குழந்தை அசைவது குறைந்தால் யோசிக்காமல் கிளம்பி வரணும் என்று ராயபுரத்து டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். வீட்டம்மா தங்கச்சியைப் பார்க்க மீஞ்சூர் போயிருந்தாள். மாப்பிள்ளை பெங்களூரில். ஆக, பொறுப்பெடுத்துக்கொள்ள வீட்டில் இருந்த ஒரே ஆள் நான். நிலைமை எவ்வளவு மோசம் பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு என்று துணிமணி எடுத்து வைத்த பை ஒன்று கதவோரம் தயாராக இருந்தது. நீலப் பை. மில்லில் அரைக்கக் கொடுக்க வேண்டிய மிளகாயும் மல்லியும் பக்கத்திலேயே இருந்தன. அதுவும் நீலப் பை. நான் எதைத் தூக்கியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

எதிர்வீட்டு தாஸ் ஆட்டோவைக் கிளப்பினார். தெருமுனை வருவதற்குள் மூன்று பேரும் தும்ம ஆரம்பித்துவிட்டோம். “நீ தும்மாதேம்மா, குழந்தைக்கு ஆகாது” என்றேன். எந்த மருத்துவப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

தெருமுனையில் ஆட்டோ நின்றது. எதிரே ஒரு சுவர்... இல்லை, கன்டெய்னர் ட்ரெய்லர்.

திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக — துறைமுகத்துக்குள் போக வேண்டிய ட்ரெய்லர்கள் எங்கள் ரோட்டோரமாக வரிசையில் நிற்கும். முன்னால் நிற்கும் வண்டியின் முதுகில் மூக்கை வைத்தாற்போல் நிற்கும். கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும், பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி தலையை நுழைத்துவிடும். அப்புறம் நம் முறை போயே போச்சு. அதனால் தெருமுனையாவது, கோயில் வாசலாவது... யாரும் இடம் விடமாட்டார்கள்.

“அண்ணாத்த, மூவ் ஆவல” என்றார் தாஸ்.

பயத்தில் சிலருக்குச் சாமி ஞாபகம் வரும். எனக்கு வார்த்தை ஞாபகம் வரும். மூவ்! இங்கிலீஷ்காரர்களே இந்த ஒரு சொல்லிடம் ஏகப்பட்ட வேலை வாங்குகிறார்கள். வீடு மாறினால் மூவ், செஸ்ஸில் காய் வைத்தால் மூவ், மனசு உருகினால் அதுவும் மூவ். நாம் மட்டும் சும்மா விடுவோமா? வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் “இந்தக் கலர் மூவ் ஆவாது நைனா” என்பார்கள். காசிமேட்டில் நெத்திலி மூவ் ஆகும். ஆபீஸில் ஃபைல் மூவ் ஆகாது. காதலில் தோற்ற பக்கத்து வீட்டுப் பையன் “மூவ் ஆன் ஆயிட்டேன் அங்கிள்” என்கிறான், தாடியோடு. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது சாவு வீட்டில் யாராவது ஒருவர் “மூவ் பண்ணிடலாமா?” என்று எல்லாரையும் கேட்பார் — போகப்போகிறவரைத் தவிர.

இத்தனை அர்த்தம் இருந்து என்ன பிரயோஜனம்? எனக்கு அப்போது வேண்டியது இரண்டே இரண்டு. வெளியே இந்த ட்ரெய்லர் நகர வேண்டும். உள்ளே என் பேரப்பிள்ளை அசைய வேண்டும்.

இறங்கி ஓடினேன். அடுத்து நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு கைகளையும் வைத்து அந்த ட்ரெய்லரைத் தள்ளினேன்.

கேபின் படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவர், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

“அண்ணாத்த, உள்ள முச்சூடும் இரும்பு கீது. நீ தள்ளி அது போவாது.”

“கொஞ்சம் பின்னால எடு மாமு” என்று தாஸ் கத்தினார். “புள்ளத்தாச்சி கீது.”

“எங்க எடுக்கறது நைனா? பின்னாடி நிக்கறவன் என் மேலயே படுத்துகினு கீறான், பாரு.”

சொல்லிக்கொண்டே அவர் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். ஷீலா கண்ணை மூடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எத்தினி மாசம் தங்கச்சி?”

“ஒன்பதுண்ணா. குழந்தை அசையல.”

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். லுங்கியை மடித்துக் கட்டினார். நேராகப் பின்வண்டிக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

“தூங்கினது போதும், எந்திரி. புள்ளத்தாச்சி கீது. பின்னாடி சொல்லு.”

அந்தத் தூக்கக் கலக்கம் இறங்கிப்போய் அதற்குப் பின்வண்டியைத் தட்டியது. அவர் அதற்கும் பின்னால். ‘பின்னாடி சொல்லு, பின்னாடி சொல்லு’ என்று சத்தம் எண்ணூர்ப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. வரிசையின் வால் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. முதலில் கடைசி வண்டி பின்வாங்க வேண்டும். அப்புறம் அதற்கு முந்தியது. அப்புறம் அதற்கும் முந்தியது. அப்படி ஒவ்வொன்றாக வந்துதான் எங்கள் தெருமுனை திறக்கும்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. நான் ஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “அப்பா, நசுக்காதீங்க” என்றாள்.

பிறகு தூரத்தில் ஒரு ‘புஸ்’. பிரேக் காற்று விடும் சத்தம். இன்னும் கிட்டே ஒரு ‘புஸ்’. இன்னும் கிட்டே. வண்டிக்கடியில் சமைத்துக்கொண்டிருந்த ஒருவர் அடுப்பை அணைத்து, கொதிக்கிற சோற்றுப் பானையைத் துண்டால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கேபினில் ஏறினார். பானை மடியில், கை ஸ்டியரிங்கில். அப்படியே பின்னால் எடுத்தார். கடைசியாக, பல் தேய்த்துக்கொண்டிருந்த நம் ஆள் எடுத்தார். ஆட்டோ நுழையும் அளவுக்கு வழி.

வழி தெரிந்ததும், எங்கிருந்தோ வந்த ஒரு ட்ரெய்லர் மூக்கை நீட்டியது. சோற்றுப் பானைக்காரர் குதித்து வந்து, துண்டை விரித்துப் பிடித்து நடுவே நின்றார்.

“உள்ள வந்து பாரு. உன் கண்ணாடி உன்னுது இல்ல.”

அது வரவில்லை. நாங்கள் போனோம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு சாண் இடத்துக்காக அங்கே தினமும் சட்டைக் காலரைப் பிடிக்கிறார்கள். அந்த இடத்தைத்தான் அத்தனை பேரும் விட்டார்கள். பாதி பேர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்காத ஒரு வயிற்றுக்காக இரும்பைப் பின்னால் எடுத்தார்கள். நன்றி சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை, தும்மிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஷீலாவின் வயிற்றில், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் பெல்ட்டைக் கட்டினார்கள். அறை முழுக்க ஒரு குதிரை ஓடியது. டக் டக் டக் டக்... டாக்டரம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். “நல்லா இருக்கு. இவ்ளோ நேரம் தூங்கியிருக்கும். ஆனா வந்தீங்க பாருங்க, அதான் சரி. மறுபடி கம்மியானாலும் இதே மாதிரி உடனே வாங்க.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஷீலா “ஆ” என்றாள். உதை விழுந்திருந்தது. நான் வெளியே போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய் நெடி என்று நர்ஸிடம் சொன்னேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது வரிசை அப்படியேதான் இருந்தது. எங்கள் தெருமுனைக்கு நேராக, ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து நம் ஆள் கேட்டார்.

“இன்னா நைனா ஆச்சு?”

“நல்லா கீது” என்று கட்டை விரலைக் காட்டினேன். அவர் உடனே பின்பக்கம் திரும்பி, “நல்லா கீதாம், பின்னாடி சொல்லு” என்றார்.

அவர்களை மறுபடி நகர்த்த மனசில்லை. வரிசை முடிகிற இடம்வரை போய்ச் சுற்றி வரலாம் என்றார் தாஸ். வழியில் ஷீலாவுக்கு இளநீர் வாங்கக் கொஞ்ச நேரம் நிறுத்தினோம். பிறகு யூ-டர்ன் அடித்து வந்தால், வரிசையின் கடைசியில் ஒரு வண்டி. அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கும் போல. டிரைவர் முகம் புதுசு. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“சார், மேட்டர் தெரியுமா? காலைல இந்த வழியா ஒரு பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போச்சாம். சுகப்பிரசவமாம். ஆம்பளப் புள்ள. மூணரை கிலோவாம்.”

ஆட்டோவுக்குள் ஷீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் குலுங்கினாள்.

“அப்படியா?” என்றேன். “ரொம்ப சந்தோஷம்.”

“கூடவே போன அந்தப் பொண்ணோட அப்பா கீறாரே... செம தைரியமான ஆளாம் சார். கொஞ்சம்கூட அசரலையாம்.”

நான் எதையும் திருத்தவில்லை.