விழப் பழகிய கட்டிங்காரர்

ஐம்பத்திரண்டு வயதில், இடது கையில் மூன்றே விரல்களையும் சரியாக மடங்காத ஒரு முழங்காலையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஜூடோ வகுப்பில் போய்ச் சேர்ந்தார் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அச்சகத்திலும் அதைத்தான் நினைத்தார்கள். கட்டிங்காரருக்கு மறை கழன்றுவிட்டது என்று பைண்டிங் பெண்கள் அவர் காதுபடவே சொன்னார்கள்.

கட்டிங்காரர் என்பது அவருடைய வேலை. அச்சாகி வரும் காகிதங்களைத் தட்டி அடுக்கி, மெஷினில் தள்ளி, கத்தியை இறக்கி ஓரம் நறுக்குவார். முப்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள் கவனம் பிசகியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அன்றைக்குப் போனவைதான். முழங்கால் பிற்பாடு ஒரு படிக்கட்டில் போயிற்று. "பாக்கியெல்லாம் ஒரிஜினல்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

யாரையும் அடித்து வீழ்த்த அவர் அங்கே போகவில்லை. எல்லாம் டீச்சருக்காக. டீச்சர் என்றால் அவர் மனைவி. தெருவே அப்படிக் கூப்பிட்டது, புருஷனும் அப்படித்தான் கூப்பிட்டார். மூன்றாம் வகுப்புக்கு இருபத்தேழு வருஷம் பாடம் நடத்தியவர். வேலையை விட்ட பிறகும் மார்க் போடும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. புருஷன் போடும் டீக்குப் பத்துக்கு ஆறு, முகச்சவரத்துக்கு ஏழு, கோபத்துக்கு இரண்டு. பத்து மட்டும் கிடைத்ததே இல்லை. "பத்து குடுத்துட்டா அப்புறம் படிக்க மாட்டீங்க" என்பார்.

அந்த டீச்சர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழ ஆரம்பித்தார். தடுக்கி அல்ல. நன்றாக நின்றுகொண்டிருப்பார், அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவார். மூளையில் வரும் ஒரு நரம்பு நோய் என்றார் டாக்டர். கண் கீழ்ப்பக்கம் திரும்பாது, கழுத்து இறுகும், போகப்போகப் பேச்சும் போகும். மருந்து கிடையாது. "தலையில மட்டும் அடிபடாம பார்த்துக்கங்க, அதுதான் முக்கியம்" என்று சொல்லி அனுப்பினார்.

கட்டிங்காரர் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். ஒரு காலையில் டீச்சர் குளியலறை வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். இவர் ஒரு கை தூரத்தில் துண்டோடு நின்றார். டீச்சர் சாய்ந்ததும் பாய்ந்து முதுகுப்பக்கச் சட்டையைப் பிடித்தார், இடது கையால். துணி கைக்குள் வந்தது. வந்து, விரல் இல்லாத இடத்தின் வழியாக வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்மண்டை வாசற்படி விளிம்பில் மோதியது. ஏழு தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாசமாப்போன கை" என்று வாய்விட்டுத் திட்டினார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் பஸ்ஸில் போகும்போது ஒரு கூடத்தின் ஜன்னலுக்குள் பார்த்தார். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் பின்பக்கமாகத் தொப்புத் தொப்பென்று விழுகிறார்கள், ஒன்றுமே ஆகாதது போல் எழுந்திருக்கிறார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நொண்டி நொண்டித் திரும்பி வந்தார்.

சொல்லிக்கொடுப்பது ஒரு பெண். வயது இருபத்தாறுதான் இருக்கும், அதட்டலுக்கு மட்டும் ஐம்பது வயது.

"என்ன சார் கத்துக்கணும்?"

"விழணும்மா. பின்பக்கமா. மண்டை உடையாம."

"எல்லாரும் அடுத்தவங்களைத் தூக்கிப் போடத்தான் வருவாங்க."

"எனக்கு யாரையும் போட வேண்டாம்மா. வீட்ல ஒருத்தங்க தானாவே விழறாங்க."

அந்தப் பெண் மறுநாளே வரச் சொன்னாள்.

மற்றவர்கள் குந்தி உட்கார்ந்து பின்னால் உருளுவார்கள். இவருக்கு முழங்கால் மடங்காதே, குட்டையான ஒரு ஸ்டூலைப் போட்டு அதிலிருந்து விழவிட்டாள். "பார்வை இடுப்புப் பட்டை முடிச்சுல! தாடை நெஞ்சுல! ரெண்டு கையும் தரையில பளார்னு!" முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு முறையும் மண்டைதான் முதலில் போய்ச் சேர்ந்தது. அச்சகத்தில் காகிதக் கட்டைத் தூக்கும்போதெல்லாம் விலா எலும்பு 'ஐயோ' என்றது. மனுஷர் அசரவில்லை. மூன்றாம் மாதம் கை பளாரென்று விழுந்தது, தலை தரையைத் தொடவில்லை.

அன்று மாலையே வீட்டில் மெத்தையைக் கீழே விரித்து, டீச்சரை உட்கார வைத்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"இடுப்பைப் பாருங்க டீச்சர். பார்த்துக்கிட்டே சாயணும்."

"கீழ பார்க்க முடிஞ்சா நான் எதுக்குங்க விழறேன்?"

தலையில் அடித்துக்கொண்டார். மூன்று மாதமாக விலா நொறுங்க விழுந்தாரே, இந்த ஒன்று புத்தியில் தட்டவில்லையே! மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய் அழாத குறையாகச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து அவர் தாடைக்கடியில் வைத்தாள்.

"பார்க்கவே வேண்டாம் சார். இதை இடுக்கிக்கிட்டு விழச் சொல்லுங்க. கைக்குட்டை நழுவாம இருந்தா தலை தப்பிச்சிடும். உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். இனிமே கையால பிடிக்காதீங்க, உங்க கை பிடிக்காது. முழங்கையால அணைச்சுக்கிட்டு நீங்க அடியில போயிடுங்க."

பளிச்சென்று சொன்னது உறுத்தத்தான் செய்தது. ஆனால் உண்மை. அதற்குப் பிறகு ஐந்து மாதம் தினமும் சாயங்காலம் மெத்தைதான். தாடையில் கைக்குட்டையோடு டீச்சர் விழுவார், இவர் தூக்கி உட்கார வைப்பார், மறுபடி விழுவார்.

ஒரு நாள் சமையலறையில் டீச்சர் நிஜமாகவே சாய்ந்தார். இவர் பிடிக்கப் போகவில்லை. ஒரு முழங்கையால் அணைத்துக்கொண்டு தாமே அடியில் போய், மறு கையைத் தரையில் பளாரென்று அறைந்தார். இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். ஒரு கீறல் இல்லை. ஒரு தட்டு மட்டும் உருண்டுபோய் வாசலில் நின்றது. டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஒம்பது" என்றார்.

"ஏன், பத்து குடுத்தா என்ன?"

"தட்டு கீழ விழுந்திருச்சே."

அந்த ஒன்பதை மறுநாள் அச்சகம் முழுக்கச் சொன்னார். ஒருத்தருக்கும் புரியவில்லை.

ஆனால் பாழாய்ப்போன நோய்க்கு ஜூடோ தெரியுமா? மழைக்காலம் வருவதற்குள் டீச்சரின் கால்கள் துவண்டுவிட்டன. முதலில் சக்கர நாற்காலி, பிறகு கட்டில். இடது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறி அரை வார்த்தையாயிற்று. "இனிமே விழற பயம் இல்லை" என்றார் டாக்டர், ஆறுதலாகத்தான். ஆஸ்பத்திரிப் படியில் கட்டிங்காரர் உட்கார்ந்துவிட்டார். விழுவதற்கும் முதலில் நிற்க வேண்டுமே. இன்னும் ஒரே ஒரு முறை டீச்சர் விழமாட்டாரா என்று ஏங்கினார்.

வகுப்பில் கொடுத்த வெள்ளை உடுப்பைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனார். "நீங்களாவது வாங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

"யாருக்காகம்மா?" என்று கேட்டார். அவள் உடுப்பை வாங்க மறுத்துவிட்டாள். திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது டீச்சர் எதையோ சொன்னார். இவர் காதை வாயருகே கொண்டுபோனார்.

"விழு... ங்க."

"நானா? இப்பவா?"

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

கட்டிலுக்கடியிலிருந்து மெத்தையை இழுத்துப் போட்டார். தரையில் நடப்பது எதுவும் டீச்சருக்குத் தெரியாது, கண் கீழே இறங்காது. காதுதான் உண்டு. அது இவருக்கும் தெரியும். ஆகவே இருந்த பலத்தையெல்லாம் கைக்குக் கொடுத்து விழுந்தார். அறை அதிரப் பளாரென்றது.

எழுந்திருக்கத்தான் நேரம் பிடித்தது. கட்டில் விளிம்பைப் பற்றி, நல்ல காலை ஊன்றி மெல்ல எழுந்தார். போர்வைக்கு மேலே டீச்சரின் வலது கை உயர்ந்து நின்றது. ஐந்து விரலும் விரிந்திருந்தன.

"அஞ்சுதானா? அநியாயம் டீச்சர்! இந்த வயசுல இப்படி விழுந்ததுக்கு அஞ்சா?"

டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி, தூக்க முடியாத இடது கையைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். மறுபடி அந்தக் கையைப் பார்த்தார்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து, தன்னுடைய மூன்று விரல் கையால் அந்த இடது கையைத் தூக்கினார். சுருண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, வலது கைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பத்து" என்றார். டீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

விட்டால் அந்தக் கை விழுந்துவிடும். வெகுநேரம் அவர் விடவில்லை.