விறகுக் குவியலுக்குப் பின்னால் என் கோழி

என் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அடைக்குப் படுத்தது. எனக்குக் குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும். அடை தெளியட்டும் என்று தினமும் அதைத் தண்ணீரில் முக்கினேன். நான்காம் நாள் கோழியைக் காணோம்.

தீப்பெட்டிக் கம்பெனி வேனுக்கு நிற்கும்போதும் கண் புதர்களைத் தேடியது. இருப்புக் கொள்ளாமல், பக்கத்து வீட்டு டீச்சரிடம் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டேன்.

“எங் கோழிய அறுத்துத் தின்னுட்டீகளா?”

அவர் முகம் கறுத்தது. பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதனாலேயே என் சந்தேகம் உறுதியானது.

மூன்று வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். “இங்கன வந்து பாருங்க.”

அவர் வீட்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் என் கோழி ஒன்பது குஞ்சுகளோடு நின்றது.

“வெறுந்தரையில உக்காந்திருந்துச்சு. மனசு கேக்காம எங்க வீட்டுக் கோழி முட்டைய வச்சேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, டீச்சர்?”

“சொன்னா திரும்பத் தூக்கிட்டுப் போயி முக்குவீக.”

அன்றே வீடு வீடாகப் போய், “டீச்சர் மேல தப்பில்ல, நாந்தான் வாய விட்டுட்டேன்” என்று சொன்னேன். குழாயடியில் நின்றவர்களில் ஒருத்தி மட்டும் அதற்குள் வெளியூருக்குக் குடிபோயிருந்தாள். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவள் மனதில் டீச்சர் இன்றைக்கும் கோழித் திருடிதான்.