சுருட்டுத் தோட்டம் என்ற தோர்ன்லி

அன்று கிள்ளான் பதிவு இலாகாவில் அந்தக் கவுண்டரில் இருந்தவர்கள்: நான். என் அக்கா, அறுபத்தாறு வயது. பூச்சோங்கிலிருந்து நான் காரில் ஏற்றி வந்த பெரியவர், ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் அப்பாவோடு பால்மரம் சீவியவர். ஜெஞ்சாரோமிலிருந்து ஏற்றி வந்த பெரியம்மா, அக்கா பிறந்தபோது அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கூட இருந்தவர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்ப் பெண், என் மகள் வயது இருக்கும்.

அக்காவிடம் இருப்பது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. என்னிடம் நீல ஐசி, குடிமக்களுடையது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே லயத்து வீடு. நான் பிறந்தபோது தோட்ட ஆபீசில் எழுத்தராக இருந்த கிராணி என் பெயரைப் பதிந்தார். அவள் பிறந்தபோது இருந்த கிராணி நாளைக்கு வா என்றார். அப்பா மறுநாள் போனார். திரும்பவும் நாளைக்கு வா என்றார். மூன்றாவது நாள் அப்பா போகவில்லை. பால் வெட்டப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

மெர்டேக்காவுக்குப் பிறகு, நாடு சுதந்திரம் வாங்கிய பிறகு, இந்த மண்ணில் பிறந்தவள். இந்த நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முப்பது வருஷம் இலை எடுத்தவள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் வெளிநாட்டுக்காரி. நான் ஓட்டுப் போட வரிசையில் நிற்கும்போது அவள் காரில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், வெயில் அதிகம் என்பாள்.

குடியுரிமை கேட்கும்போது, பிறந்த பத்திரம் இல்லாதவர்களுக்கு இரண்டு மூத்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். தனித்தனியாகக் கேட்பார்கள். சொல்வது விண்ணப்பப் பாரத்தில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். பாரத்தை எழுதியது நான். அப்பாவின் பழைய சம்பளச் சீட்டைப் பார்த்து, பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோர்ன்லி எஸ்டேட் என்று எழுத்தெழுத்தாக எழுதினேன்.

பெரியவரைக் கேட்டார்கள். சுருட்டுத் தோட்டம் என்றார்.

பெரியம்மாவைக் கேட்டார்கள். மூணாம் டிவிசன் என்றார்.

அந்தப் பெண் மூன்று தாளையும் என் முன்னால் வைத்தாள். மூன்று இடம் சொல்லியிருக்கிறீர்கள், எது சரி என்று மலாயில் கேட்டாள். மூன்றும் ஒன்றுதான், டிவிசன் என்பது அதே தோட்டத்தில் ஒரு பகுதி என்றேன். நீங்கள் கூடப்பிறந்த தம்பி, உங்கள் பேச்சை நான் எழுத முடியாது என்றாள். பெரியம்மாவை மக்சிக் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் என் மேல்தான். இரண்டு பேரின் ஐசியையும் சரிபார்த்தேன். மருந்து டப்பாவைக் கேட்டு வாங்கி வைத்தேன். வழியில் சாப்பிட நாசி லெமாக் பொட்டலம்கூட வாங்கினேன். தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. எங்களில் யார் அந்தப் பெயரைச் சொன்னோம்? அது கேட்டில் ஒரு பலகையில் இருந்தது. எந்நேரமும் வாயில் சுருட்டோடு ஒரு துரை இருந்தான், அதனால் எங்களுக்கு அது சுருட்டுத் தோட்டம். அவன் போய் நாலைந்து துரை வந்த பிறகும் அதுதான் பெயர்.

திரும்பி வரும்போது காரில் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன்.

"பெரியம்மா, அடுத்த தடவ கேட்டா தோர்ன்லி எஸ்டேட்னு சொல்லணும்."

"அது யாரு ஊரு?"

"நம்ம தோட்டம்தான்."

"நம்ம தோட்டத்துக்கு எப்படா அந்தப் பேரு வந்துச்சு?"

"தொரை வெச்ச பேரு."

"தொரை வெச்சா தொரையே போயி சொல்லட்டும். அவன் ஊரு பேரு எனக்கு எதுக்கு?"

பெரியவர் முன்சீட்டில் சிரித்தார். "எண்பத்தாறு வயசுல எனக்குப் பாடம் எடுக்குறான் பாரு, லோரிக்காரன்."

அக்கா பின்னால் இருந்து, "விடு தம்பி" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அறுபத்தாறு வருஷமாக அவள் விட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மறுநாள் தனியாக அந்த இடத்துக்குப் போனேன். கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். லயம் இல்லை, கோயில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. புதுக் குடியிருப்புக்கு வாசலில் வளைவு கட்டி, தங்க நிற எழுத்தில் தோர்ன்லி என்று போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் இடித்தவர்கள் அந்தப் பெயரை மட்டும் இடிக்கவில்லை. காவலுக்கு நின்ற கார்டு என் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நம்பர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டான்.

விற்பனை ஆபீசில் ஒரு தமிழ்ப் பெண் எழுந்து வந்தாள்.

"வாங்க அங்கிள். வீடு பாக்கவா? எல்லாம் டபுள் ஸ்டோரிதான் அங்கிள்."

"சும்மா பாக்க வந்தேன்."

உள்ளே ஏசி குளிர். ஒரு சுவர் முழுக்க இங்கிலீஷ் எழுத்து, பக்கத்தில் மஞ்சள் பூத்த பழைய நிலப்படம் ஒன்றைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"இந்த ஊரு பேரோட கதை அங்கிள். தோர்ன்னா முள்ளு. லீன்னா காட்ட வெட்டி வெளியாக்குன இடம். ரொம்பப் பழைய இங்கிலீஷாம், ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்குமாம். தோட்டத்து மொத மேனேஜருக்கு இங்கிலாந்துல அதான் சொந்த ஊராம். ஊரு ஞாபகமா இங்கயும் வெச்சிட்டாராம்."

"வெட்டுனது யாரு?"

"எங்க அங்கிள்? இங்கிலாந்துலயா?"

"இங்க."

அவள் சுவரை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "அது போடல அங்கிள்."

இன்னும் சொன்னாள். ஊர்ப்பெயர் ஹேம் என்று முடிந்தால் வீடு வாசல் என்று அர்த்தமாம். டன் என்று முடிந்தால் வேலி போட்ட பண்ணையாம். அவளுக்கு மனப்பாடம். முப்பது வருஷம் லோரி ஓட்டியவன் நான். அந்த மாதிரிப் பெயர் போட்ட தோட்டப் பலகை எத்தனையோ பார்த்துத்தான் வளைவு திரும்பினேன். ஒன்றுக்கும் அர்த்தம் கேட்டதில்லை. எவனோ ஒருவன் எந்தக் காலத்திலோ அங்கே முள்ளை வெட்டினான். அதை ஞாபகம் வைக்க ஊர்ப்பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைக் கப்பலில் கொண்டு வர ஒருத்தன் இருந்தான், அதைச் சுவரில் எழுத இன்னொருத்தன் இருக்கிறான். எங்கள் தாத்தன் அட்டை கடிக்கக் கடிக்க இந்தக் காட்டை வெட்டினான். என் அக்கா இங்கே பிறந்தாள் என்று ஒரு வரி எழுத ஆள் இல்லை. அந்தத் துரைக்கு ஊர் ஞாபகம் வந்ததாம். வரட்டும்.

நிலப்படத்துக்குக் கிட்டே போனேன். படம் படிக்க எனக்குத் தெரியும். ஆறு, லோரிப் பாதை, பால் ஸ்டோர். மூன்றாம் டிவிசன் என்ற இடத்தில் நீளமாக ஒரு வரிசைக் கட்டம், எங்கள் லயத்து வீடுகள். வரிசையின் தலையில் சின்ன வட்டம். கிணறு.

மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். இந்தப் படத்துக்கு ஒரு நகலும், இது தோர்ன்லி எஸ்டேட்தான் என்று ஒரு கடிதமும் வேண்டும் என்று மலாயில் கேட்டேன். அவர் சிரித்தார். "பாஸ், இது சும்மா அலங்காரம் லா. கடிதம் எல்லாம் கொடுக்க முடியாது."

"என் அக்கா பொறந்த வீடு உனக்கு அலங்காரமா?" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. நான் வெளியே வந்து காரைத் திறக்கும்போது ஓடி வந்து விளம்பரப் புத்தகத்தை நீட்டினாள். பின்பக்கத்தில் அதே படம்.

"ரெண்டா எடுத்துக்குங்க அங்கிள். மடங்கிப் போகும்."

அடுத்த மாதம் திரும்பவும் நால்வரும் கிள்ளானுக்குப் போனோம். கவுண்டரில் அதே மலாய்ப் பெண். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீடு விற்கிற விளம்பரம் பத்திரம் ஆகாது என்றாள். ஆனால் கீழே வைக்கவில்லை. அடுத்தடுத்து இருந்த கட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெரியவரை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். சாட்சியோடு யாரும் பேசக் கூடாது என்று எங்களைத் தள்ளி உட்கார வைத்தாள்.

பெரியவர் வெளியே வந்தார். என்ன கேட்டாள் என்று கண்ணால் கேட்டேன். வாயில் விரலை வைத்துக் காட்டினார். பெரியம்மா உள்ளே போனார். கதவுக்கு வெளியேகூட அவர் சத்தம் கேட்டது. "படமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கெணறு எங்கன்னு காட்டு, நான் எண்ணிச் சொல்றேன்." அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. எப்படியோ புரிந்துகொண்டாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். இரண்டு தாளையும் என் பக்கம் திருப்பி வைத்தாள். இடம் என்ற கட்டத்தில் பெரியவர் சுருட்டுத் தோட்டம்தான் சொல்லியிருந்தார். பெரியம்மா மூணாம் டிவிசன்தான். இரண்டு பேருமே அசையவில்லை. அதற்குக் கீழே, அக்கா பிறந்தது கிணற்றிலிருந்து எத்தனையாவது வீடு என்று அவளே பேனாவால் ஒரு கேள்வி சேர்த்திருந்தாள். அக்கா என் பின்னால் வந்து நின்று தோளைப் பிடித்தாள்.

இரண்டு தாளிலும் எண்ணைப் பார்த்தேன்.

ஏழு.