ஒன்பதில் வைத்துப் பார்த்த கடலைக்காடு

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ராமநாதபுரத்தில் தொண்டி பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். இறங்க வேண்டிய இடம் உப்பூர். முப்பது கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். அங்கே என் அய்யா எனக்குக் கொடுத்த ஒன்றரை ஏக்கரில் கடலை போட்டிருக்கிறோம். காய் பிடித்த நாளிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி உழுதுவிட்டுப் போகிறது.

என் வீட்டுக்காரரிடம் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. தேர்தல் வந்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். இந்தத் தடவை ஒப்படைக்கும்போது மேலே மாட்டியிருந்த ஸ்கோப்பை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். தேர்தல் முடிந்துவிட்டது. சனிக்கிழமை போய்த் துப்பாக்கியைத் திரும்ப வாங்குவதாக ஏற்பாடு. பன்றியைச் சுட வனத்துறையில் மனுவும் கொடுத்திருக்கிறார். அதற்குள் இரண்டு நாள் கடலைக்காட்டில் தங்கி, பன்றி எந்தப் பக்கமாக வருகிறது என்று ஸ்கோப்பில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. வலது கண்ணில் புரை எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது. அந்தத் துப்பாக்கி மறுபடி வீட்டுக்கு வரக்கூடாது என்று எனக்கு இருந்தது. வாய் திறந்து சொல்லத்தான் வரவில்லை.

பஸ்ஸில் ஸ்கோப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னய்யா, கைப்பிள்ளையா? இந்த அணை அணைச்சிருக்கீக" என்றார்.

"தூரத்துல உள்ளதக் கிட்டக் காட்டுற சாமான் தம்பி."

"அப்ப பின்னால ஒரு பார்வை பாருங்க. எவன் டிக்கெட் எடுக்காமத் தூங்குற மாதிரி நடிக்கிறான்னு தெரியட்டும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தேவிபட்டினத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அதற்கப்புறம் வலது கைப் பக்கம் விட்டு விட்டுக் கடல் தெரிந்தது. ஒன்பது மணிக்கு உப்பூரில் இறங்கி, கருவேல முள்ளுக்கு நடுவே மேற்கே ஒரு மைல் நடந்தால் எங்கள் காடு. மோட்டார் ரூமில்தான் தங்கல், சமையல் எல்லாம்.

மத்தியானம் எனக்கும் ஸ்கோப்பைக் கொடுத்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், கை வலிக்கிற கனம். நடுவில் ஒரு சக்கரம். அதில் மூன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டிருக்கிறது. மூன்றில் வைத்தால் காடு முழுக்க, வரப்பு, பனைமரம் எல்லாம் சேர்ந்து வரும். ஒன்பதில் வைத்தால் பனையில் உட்கார்ந்த காக்காயின் மூக்கு தெரியும். ஆனால் பனை தெரியாது. மூச்சு விட்டாலே காக்காய் கண்ணாடியை விட்டு ஓடிப்போய்விடும், மறுபடி தேட வேண்டும். கண்ணை நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரமெல்லாம் கறுப்பாகிவிடும். கடல் காற்றில் கண்ணாடி பிசுக்குப் பிடிப்பதால் அடிக்கடி துடைக்கவும் வேண்டியிருந்தது. இப்படி ஒன்று வாங்க நினைப்பவர்கள் பொழுது சாய்ந்த நேரத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடையில் லைட் வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இருட்டுக் கட்டும்போது மூன்றில் கொஞ்ச நேரம் கூடுதலாக வெளிச்சம் நிற்கிறது, ஒன்பதில் சீக்கிரம் மங்கிவிடுகிறது. அவருக்கு ஒன்பதுதான் பிடித்திருந்தது.

அன்று பொழுது அடங்கும் நேரம் மணல் மூட்டை மேல் ஸ்கோப்பை வைத்துக் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"வந்துட்டான்" என்றார் மெதுவாக. "தெக்கு வரப்பு. கறுப்பு முதுகு. குனிஞ்சு நோண்டுறான்."

அவர் ஆள்காட்டி விரல் காற்றில் மடங்கியது. "டப்" என்றார். "துப்பாக்கி மட்டும் இருந்திருந்தா இந்நேரம் உருண்டுருப்பான்."

நான் வெறுங்கண்ணால் பார்த்தேன். அந்தக் கறுப்புக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக என்னவோ அசைந்தது.

"என்னங்க, அங்கன ஆடு நிக்கிது."

"ஆடா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"மூணுல வச்சுப் பாருங்க."

சக்கரத்தைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுப்பு முதுகே எங்களிடம் வந்தது. ஆட்டுக்கிடை போட வந்த கீதாரி, மந்தைக்காரர். பக்கத்துக் காட்டுக்காரர் உரத்துக்காக ஆட்டை இரவில் தங்க வைக்கச் சொல்லியிருக்கிறார். கிடை அடைக்கக் குனிந்து முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தாராம். தலையோடு கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தார்.

"ஆத்தா, மோட்டாரு போடுவீகளா? ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்."

நான் சுவிட்சைப் போட்டேன். என் வீட்டுக்காரர் கேட்டார்: "இந்த வெக்கையில கம்பளி எதுக்குப்பா?"

"உங்க ஊருக் கொசு ஆளையே தூக்கிரும்யா. கம்பளி கனத்துக்குத்தான் நான் தரையில நிக்கிறேன்."

இவர் சிரிக்கவில்லை. தன் டம்ளரில் இருந்த டீயை அவரிடம் நீட்டினார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

"ரெண்டும் பொட்டப்பிள்ளய்யா. மூத்தவளுக்கு ஆவணியில கல்யாணம். நீங்க ரெண்டு பேரும் வரணும். ஆட்டுக்கறி போட்டுத்தான் அனுப்புவேன்."

"வாரோம்" என்றார் இவர். அந்த ஆள் போன பிறகும் இவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடியும் முன்னே பன்றி நிஜமாகவே வந்துவிட்டுப் போயிருந்தது. வடக்கு ஓரம் முழுக்கக் கொடி பிடுங்கிக் கிடந்தது. இனித் துப்பாக்கியை வாங்காமல் இவர் நிற்கமாட்டார் என்று நினைத்தேன். எட்டு மணி பஸ்ஸில் ராமநாதபுரம் திரும்பினோம், ஸ்டேஷனுக்குத்தான். தேவிபட்டினம் தாண்டியதும் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"துப்பாக்கி வேணாங்க."

"கடலை?"

"போறது போகட்டும். மிச்சத்துக்குக் காவல் இருப்போம்."

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே பெஞ்சில் வந்து உட்காரச் சொல்லி ஒரு பெண் போலீஸ் கூப்பிட்டார். நான் போகவில்லை. அரை மணி கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"லைசென்ஸ ஒப்படைக்கிறதுன்னா கலெக்டர் ஆபீசுல எழுதிக் குடுக்கணுமாம். அதுவரைக்கும் துப்பாக்கி அங்கனயே கெடக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"ஏன்னு கேக்கலையா?"

"கேட்டாக."

"என்ன சொன்னீக?"

"தெக்கு வரப்புல ஆளு இருந்தாருன்னு சொன்னேன்."

மத்தியான பஸ்ஸிலேயே உப்பூருக்குத் திரும்பினோம். கடலை பிடுங்கும் வரை அங்கேதான் இருந்தோம். பொழுது சாய்ந்தால் இவர் ஸ்கோப்பை மூன்றில் வைத்து நாலு பக்கமும் பார்ப்பார். பன்றி வந்தால் நான் எண்ணெய்த் தகரத்தைத் தட்டிச் சத்தம் போடுவேன். வீட்டில் நான் கூப்பிட்டால் அடுப்படி தாண்டிக் கேட்காது. இங்கே முதல் நாள் தகரத்தை மட்டும் தட்டினேன். இரண்டாம் நாள் கத்தினேன். தெற்கு வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்து, "கேக்குது ஆத்தா, நான் இங்கனதான் இருக்கேன்" என்று கீதாரியின் குரல் வந்தது.